ஜொகூர்-சிங்கப்பூர் சுல்தான் வம்சம்: எழுச்சியும் வீழ்ச்சியும் – முக்கியக் குறிப்புகள்

காத்தோங்கில் குடியிருந்து படிப்பவர்களுக்கு இந்தப் பாடம் வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது. 1819 ஜூன் 26 அன்று எழுதப்பட்ட உடன்பாட்டில் ஆங்கிலேயர் குடியேற்றத்தின் எல்லை இப்படி வரையறுக்கப்பட்டது: மேற்கே தஞ்சோங் மாலாங், கிழக்கே தஞ்சோங் காத்தோங், உள்பக்கம் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம். அன்று ஆங்கிலேயர் கையில் இருந்தது அவ்வளவுதான். மீதித் தீவு மலாய் ஆட்சியாளர்களுடையது. ஐந்தே ஆண்டில் தீவு முழுவதும் கைமாறியது. எண்பது ஆண்டுக்குள், இருந்த வீட்டு மனைமீதும் சுல்தான் குடும்பத்துக்கு உரிமை இல்லாமல் போயிற்று.

மனத்தில் இருத்த வேண்டிய ஒரு வரி: 1819-இல் ஆங்கிலேயருடன் கையெழுத்திட்டவை இரண்டு வீடுகள். சுல்தான் பட்டம் பெற்ற வீடு அழிந்தது. பட்டம் பெறாத வீடு அரசாண்டது. கீழே உள்ள எல்லாக் குறிப்புகளும் இந்த வரிக்கு விளக்கமே.

1. வேரும் கிளையும்

- மலாக்கா சுல்தானகம் 1511-இல் போர்ச்சுகீசியரிடம் வீழ்ந்தது. கடைசி சுல்தான் மஹ்மூத் ஷாவின் மகன் அலாவுத்தீன் 1528-இல் ஜொகூர் சுல்தானகத்தைத் தொடங்கினார்.
- 'செஜாரா மெலாயு' மலாய் அரசர்களின் மரபை இஸ்கந்தர் சுல்கர்னைன் வரை கொண்டுபோகிறது. நடுவில் ராஜா சூலான் என்ற பெயரும் வருகிறது. இப்பெயரைச் சோழர் நினைவோடு ஆய்வாளர்கள் இணைத்துப் பார்ப்பதுண்டு. முதலாம் இராசேந்திரனின் கடற்படையெடுப்பு நடந்தது 1025-இல்.
- 1699: இரண்டாம் மஹ்மூத் ஷா கோத்தா திங்கியில் கொல்லப்பட்டார். அவருக்கு வாரிசு இல்லை. மலாக்கா மரபு அத்துடன் முடிந்தது.
- அரியணை முதலமைச்சரான பெண்டஹாரா அப்துல் ஜலீலுக்குப் போனது. இதனால் இவரது மரபின் பெயர் பெண்டஹாரா வம்சம்.
- 1722: பூகிஸ் வீரர்களின் துணையோடு அப்துல் ஜலீலின் மகன் சுலைமான் சுல்தானானார். அதற்கு விலையாக 'யாங் டிபெர்துவான் மூடா' என்னும் துணை ஆட்சியாளர் பதவி பூகிஸ் தலைவர்களிடம் போனது. சுல்தான் பெயருக்கு, பூகிஸ் தலைவர் ஆட்சிக்கு என்ற நிலை இங்கேதான் தொடங்குகிறது.
- தெமெங்கோங் குடும்பமும் அதே அப்துல் ஜலீலின் வழி வந்ததுதான். பின்னால் மோதிக்கொள்ளும் இரண்டு வீடுகளுக்கும் வேர் ஒன்று.

2. பதவிகள் – யார் எவர்?

- சுல்தான்: அரசர்.
- பெண்டஹாரா: முதலமைச்சர். இவர்களின் பிடி பஹாங்கில்.
- தெமெங்கோங்: காவலும் நீதியும் பார்ப்பவர். இவரது பிடி சிங்கப்பூரிலும் ஜொகூர் நிலப்பகுதியிலும்.
- யாங் டிபெர்துவான் மூடா: பூகிஸ் துணை ஆட்சியாளர். இருப்பிடம் ரியாவ்.
- சுல்தானின் இருப்பிடம் லிங்கா தீவு. ஆக, 1800-களின் தொடக்கத்திலேயே பேரரசு நான்கு கைகளில் இருந்தது. ஐரோப்பியர் வந்து உடைத்தார்கள் என்று மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான். விரிசல் முன்பே விழுந்துவிட்டது.

3. 1812: இரண்டு மகன்கள், ஒரு அரியணை

- மூன்றாம் மஹ்மூத் ஷா 1812-இல் லிங்காவில் காலமானார்.
- மூத்த மகன் ஹுசைன் (தெங்கு லோங்) அப்போது திருமணத்துக்காகப் பஹாங்கில் இருந்தார். பருவக்காற்று மாறும்வரை கப்பல் திரும்ப வழியில்லை.
- இளைய மகன் அப்துல் ரஹ்மானை பூகிஸ் தரப்பு அரியணை ஏற்றியது.
- அரச சின்னங்கள் இல்லாமல் முடிசூட்டு செல்லாது என்பது மலாய் மரபு. அவை மறைந்த சுல்தானின் மனைவி எங்கு புத்ரி ஹமீதா வசம் பென்யெங்காட் தீவில் இருந்தன. இளையவருக்கு அவற்றைக் கொடுக்க அவர் மறுத்தார்.
- 1822-இல் டச்சுக்காரர்கள் அவற்றைப் பலவந்தமாக எடுத்தனர். 1823-இல் அப்துல் ரஹ்மானுக்கு முடிசூட்டினர்.
- விளைவு: சின்னம் இல்லாத மூத்தவருக்கு ஆங்கிலேயர் துணை, சின்னம் பெற்ற இளையவருக்கு டச்சுக்காரர் துணை.

4. 1819: பட்டம் கொடுத்து இடம் வாங்கியது

- தெமெங்கோங் அப்துல் ரஹ்மான் 1811 வாக்கில் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் குடியேறியிருந்தார். ஆங்கிலேயர் தரப்பில் ராஃபிள்ஸ் வந்தபோது முதலில் பேசியது இவரிடம்தான்.
- ஜனவரி 30: தெமெங்கோங்குடன் முன்னோட்ட உடன்பாடு.
- பிப்ரவரி 6: ரியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட ஹுசைன் 'ஜொகூர் சுல்தான்' ஆக அறிவிக்கப்பட்டார். ஒப்பந்தமும் அன்றே கையெழுத்தானது.
- ஆண்டுப் பணம்: சுல்தானுக்கு 5,000 ஸ்பானிய வெள்ளி, தெமெங்கோங்குக்கு 3,000.
- கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்தது வணிகத் தளம் அமைக்கும் உரிமை மட்டுமே. தீவு கிடைக்கவில்லை. குழப்பும் வினாக்கள் அதிகம் வருவது இங்கேதான்.
- ஜூன் 26: காத்தோங் எல்லை குறிக்கப்பட்ட உடன்பாடு. வில்லியம் ஃபார்க்குவார் அப்போது ரெசிடென்ட்.
- சமகாலத்தவர் குறிப்பு: முன்ஷி அப்துல்லாவின் 'ஹிக்காயத் அப்துல்லா', 1849-இல் அச்சானது. முன்ஷி அப்துல்லா மலாக்காவில் பிறந்தவர், அரபு-தமிழ் வழிவந்தவர், தமிழும் கற்றவர்.

5. 1823–1824: மண் கைமாறுகிறது

- 1823 ஜூன் 7: ராஃபிள்ஸின் புதிய உடன்பாடு. சுல்தானுக்கு மாதம் 1,500 வெள்ளி, தெமெங்கோங்குக்கு 800. அவர்களுக்கென ஒதுக்கிய இடங்கள் நீங்கலாக, தீவின் நிலம் கம்பெனியின் அதிகாரத்துக்குள் வந்தது.
- 1824 மார்ச் 17: லண்டன் ஆங்கில-டச்சு ஒப்பந்தம். மலாக்கா ஆங்கிலேயருக்கு, சுமத்ராவில் உள்ள பென்கூலன் டச்சுக்காரருக்கு. நீரிணைக்குத் தெற்கே உள்ள தீவுகள் டச்சு வட்டத்தில். கையெழுத்திட்ட இடத்தில் மலாய் ஆட்சியாளர் ஒருவரும் இல்லை. ஒரு பேரரசு நடுவில் கோடு போட்டுப் பிரிக்கப்பட்டது.
- 1824 ஆகஸ்ட் 2: அப்போதைய ரெசிடென்ட் கிராஃபர்ட் செய்த ஒப்பந்தம். சிங்கப்பூரும், அதன் கரையிலிருந்து 10 கடல் மைலுக்குள் உள்ள கடல், நீரிணை, சிறுதீவுகளும் நிரந்தரமாகக் கம்பெனிக்கு.

பணக் கணக்கை ஒரே பார்வையில் வைத்துக்கொள்ளுங்கள் (ஸ்பானிய வெள்ளியில்):

| ஆண்டு | சுல்தான் | தெமெங்கோங் |
|---|---|---|
| 1819 | ஆண்டுக்கு 5,000 | ஆண்டுக்கு 3,000 |
| 1823 | மாதம் 1,500 | மாதம் 800 |
| 1824 | மொத்தமாக 33,200. மாதம் 1,300 | மொத்தமாக 26,800. மாதம் 700 |
| 1855 | மொத்தமாக 5,000, மாதம் 500 (சுல்தான் அலிக்கு) | பணம் பெறவில்லை, கொடுத்தார் |

- கடைசி வரிசையை இருமுறை படியுங்கள். முதல் மூன்று வரிசையில் கம்பெனி கொடுக்கிறது. நான்காவதில் தெமெங்கோங் வீடு சுல்தான் வீட்டுக்கு மாதப்படி அளக்கிறது. வீழ்ச்சி எங்கே என்று கேட்டால் இதுதான் விடை.

6. சுல்தான் வீடு: கம்போங் கிளாம்

- ஒதுக்கப்பட்ட நிலம் 56 ஏக்கர். அதில் இஸ்தானா, அருகே பள்ளிவாசல், சுற்றிலும் சுல்தானுடன் வந்தவர்களின் குடியிருப்பு.
- சுல்தான் பள்ளிவாசல் முதலில் எழுந்தது 1824–1826-இல். கம்பெனி கொடுத்தது 3,000 வெள்ளி. இன்றுள்ள பொன்குவிமாடக் கட்டடம் 1932-இல் முடிந்தது. அதை வடிவமைத்தவர் டெனிஸ் சான்ட்ரி.
- ஹுசைன் 1834-இல் மலாக்காவுக்குப் போனார். 1835 செப்டம்பர் 2 அன்று அங்கே காலமானார். அடக்கமான இடம் தெங்கெரா பள்ளிவாசல்.
- மகன் அலி அப்போது சிறுவன். முழு அங்கீகாரம் கிடைக்க 20 ஆண்டுகள் ஆயின.
- 1855 மார்ச் 10 ஒப்பந்தம்: அலி 'சுல்தான்' என ஏற்கப்பட்டார். ஆனால் ஜொகூரின் ஆட்சியுரிமை தெமெங்கோங்குக்குப் போனது. அலிக்கு மிஞ்சியது மூவார் ஆற்றுக்கும் கெசாங் ஆற்றுக்கும் இடைப்பட்ட கெசாங் பகுதி மட்டுமே.
- கடன்: அலியின் செலவு வருமானத்தை மீறியது. கடன் கொடுத்தவர்களில் செட்டியாரும் உண்டு. 1860-இல், மிஞ்சியிருந்த அந்த மூவார் நிலமே ஈடாக வைக்கப்பட்டது.
- 1877: அலி மலாக்காவின் உம்பாயில் காலமானார். மூவார்த் தலைவர்கள் தெமெங்கோங் வழிவந்த அபு பக்காரைத் தேர்ந்தெடுத்தனர். கெசாங்கும் போனது.
- 1879: அலியின் மகன் தெங்கு ஆலம் தரப்பு ஜெமெந்தாவில் கிளர்ந்தது. அது அடக்கப்பட்டது. தெங்கு ஆலம் 1891-இல் மறைந்தார்.
- வாரிசுகளுக்குள் வழக்கு. 1897 வாக்கில் முடிவு: சுல்தான் பட்டத்துக்கு உரிமை கோர யாருக்கும் சட்ட வழி இல்லை, கம்போங் கிளாம் நிலம் ஆங்கில அரசுக்கு உரியது.
- 1904 சுல்தான் ஹுசைன் சட்டம்: நிலம் அரசுக்கு. அங்கே வசிக்கும் சலுகையும் உதவித்தொகையும் வழித்தோன்றல்களுக்கு.
- 1999: இஸ்தானாவில் இருந்த குடும்பத்தினர் இடம்பெயர்வது குறித்து அரசு அறிவித்தது. கட்டடம் மலாய் மரபுடைமை நிலையம் ஆனது; 2005-இல் அதிகாரபூர்வத் திறப்பு. இஸ்தானா 2015 முதல் தேசிய நினைவுச்சின்னம்.

7. தெமெங்கோங் வீடு: தெலுக் பிளாங்கா முதல் ஜொகூர் பாரு வரை

- ஆற்றங்கரையிலிருந்து தெலுக் பிளாங்காவுக்கு மாற்றப்பட்டனர். ஒதுக்கிய நிலம் 200 ஏக்கர். அப்துல் ரஹ்மான் 1825-இல் காலமானார்.
- டாயெங் இப்ராஹிம் (முறைப்படி தெமெங்கோங் ஆனது 1841). இவர் வளர்ந்ததற்கு இரண்டு காரணங்கள்:
  - கட்டாப் பெர்ச்சா: கடலடித் தந்திக் கம்பிக்கு உறை போட உதவிய மரப்பால். 1840-களில் உலகச் சந்தையில் கிராக்கி. அதன் வணிகத்தை இவர் கையில் எடுத்தார்.
  - கங்சூ முறை: ஆற்றோரமாகச் சீனத் தலைவர்களுக்கு 'சூராட் சுங்கை' என்ற ஆற்றுப் பத்திரம். மிளகும் காம்பியரும் பயிராயின. வரி தெமெங்கோங்குக்கு.
- ஒப்பிட்டுப் பாருங்கள்: கம்போங் கிளாம் வீடு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு நிலத்தை இழந்தது. தெலுக் பிளாங்கா வீடு பத்திரம் எழுதிக் கொடுத்து வருமானம் பார்த்தது.
- அபு பக்கார் (டாயெங் இப்ராஹிமின் மகன்): 1862-இல் தெமெங்கோங், 1868-இல் மகாராஜா, 1885-இல் ஆங்கில அரசுடன் செய்த உடன்பாட்டால் ஜொகூர் சுல்தான். மூன்று ஆண்டுகளையும் வரிசையாக மனப்பாடம் செய்யுங்கள்.
- 1866-இல் இங்கிலாந்து போனார். விக்டோரியா அரசியைச் சந்தித்தார். லண்டன் வழக்கறிஞர்களையே ஆலோசகராக வைத்துக்கொண்டார்.
- 1895 ஏப்ரல் 14: ஜொகூருக்கு எழுதப்பட்ட அரசியலமைப்பு. மலாய் மாநிலங்களில் இதுவே முதல். அதே ஆண்டு ஜூன் 4 அன்று லண்டனில் காலமானார்.
- மகன் இப்ராஹிம் 1895–1959 ஆண்டார். 1914-இல் ஆங்கிலேயப் பொது ஆலோசகரை ஏற்க நேர்ந்தது. ஆனாலும் அரியணை நிலைத்தது.
- இன்றைய சுல்தான் இப்ராஹிம் 2024 ஜனவரி 31 அன்று மலேசியாவின் 17-ஆவது பேரரசர் ஆனார்.

8. ரியாவ்-லிங்கா கிளை (மறக்கப்படும் மூன்றாவது வீடு)

- டச்சுக்காரர் துணையில் நின்ற இளையவர் மரபு.
- 1857: நான்காம் மஹ்மூதை டச்சு அரசு பதவி நீக்கியது.
- 1911 பிப்ரவரி: கடைசி சுல்தான் இரண்டாம் அப்துல் ரஹ்மான் முஅஸ்ஸம் ஷா, டச்சுக்காரரின் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்ததால் நீக்கப்பட்டார்.
- அவர் தஞ்சம் புகுந்தது சிங்கப்பூரில். 1913-இல் சுல்தானகமே கலைக்கப்பட்டது. அவர் 1930-இல் இங்கேயே காலமானார்.
- கையெழுத்திட்ட அண்ணன் வீடும் போனது. கையெழுத்திட மறுத்த தம்பி வீடும் போனது. 'ஒப்பந்தம்தான் காரணமா?' என்ற விவாத வினாவுக்கு இந்தக் குறிப்பு பெரிய பலம்.

9. ஐரோப்பிய வம்சங்களும் காத்தோங்கும்

- ஆரஞ்சு வம்சம் (நெதர்லாந்து): 1795-இல் பிரெஞ்சுப் படைக்கு அஞ்சி ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்கு ஓடினார். டச்சுக் குடியேற்றங்களை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும்படி கியூவிலிருந்து கடிதங்கள் எழுதினார். 1824-க்கு முன்பே மலாக்கா தற்காலிகமாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது அப்படித்தான். ஓர் ஐரோப்பிய அரச வீடு ஆட்டம் கண்டதன் அதிர்வு மலாக்கா நீரிணைவரை வந்தது.
- ரோமனோவ் வம்சம் (ரஷ்யா, 1613–1917): 1870-களின் இறுதியில் ரஷ்யக் கடற்படையைப் பற்றிய அச்சம் ஆங்கிலேயருக்கு இருந்தது. அந்தச் சூழலில் 1879-இல் எழுந்தது தஞ்சோங் காத்தோங் கோட்டை. 1901-இல் கைவிடப்பட்டது. மண்ணில் புதைந்த சுவர்கள் 2001-இல் காத்தோங் பூங்காவில் மீண்டும் கண்ணில் பட்டன. பிறகு அகழாய்வு நடந்தது.
- பாட்டன்பர்க் குடும்பம் (ஜெர்மன் வழி): முதல் உலகப் போரின்போது, 1917-இல், பெயரை மவுண்ட்பேட்டன் என்று மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு ஆங்கில அரச குடும்பமும் விண்ட்சர் ஆனது. 1945 செப்டம்பர் 12 அன்று சிங்கப்பூரில் ஜப்பானியரின் சரணை ஏற்றவர் லூயி மவுண்ட்பேட்டன். காத்தோங்கின் பழைய குரோவ் சாலை இன்று அவர் பெயரில் மவுண்ட்பேட்டன் சாலை.

10. இன்றும் உயிரோடு இருக்கும் 1824

- பெட்ரா பிராங்கா தீவு வழக்கு: 1824 ஒப்பந்தங்களும் வாதத்துக்கு வந்த இந்தச் சிங்கப்பூர்-மலேசியா வழக்கில் அனைத்துலக நீதிமன்றம் 2008 மே 23 அன்று தீர்ப்பளித்தது.
- தீவின் பழைய உரிமை ஜொகூர் சுல்தானுக்கே இருந்தது என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் 1953-இல் ஜொகூர் தரப்பு எழுதிய கடிதமும் பின்னர் இரு தரப்பும் நடந்துகொண்ட விதமும் பார்த்து, பெட்ரா பிராங்காவைச் சிங்கப்பூருக்கு அளித்தது.
- மிடில் ராக்ஸ் மலேசியாவுக்கு. பெட்ரா பிராங்கா குறித்த வாக்கு 12–4.

11. குழப்பிக்கொள்ளாதீர்கள்

- *மூன்று அப்துல் ரஹ்மான்:* (அ) ஹுசைனின் தம்பி, லிங்கா சுல்தான். (ஆ) தெமெங்கோங், 1819-இல் கையெழுத்திட்டவர். (இ) 1911-இல் நீக்கப்பட்ட கடைசி சுல்தான்.
- *நான்கு மஹ்மூத்:* 1511 மலாக்கா, 1699 கொலை, 1812 மறைவு, 1857 நீக்கம்.
- *மூன்று இப்ராஹிம்:* டாயெங் இப்ராஹிம் தாத்தா; 1895-இல் பட்டத்துக்கு வந்த இப்ராஹிம் பேரன்; 2024-இல் பேரரசரானவர் இன்றைய சுல்தான்.
- *இரண்டு அலி:* சுல்தான் அலி கம்போங் கிளாம் வீட்டவர். ராஜா அலி ஹாஜி பென்யெங்காட்டைச் சேர்ந்த பூகிஸ் அறிஞர்.
- *1819, 1824:* முன்னது தளம் அமைக்க அனுமதி. பின்னது தீவை விட்டுக்கொடுத்தது.

12. ஒரு வரி வினா-விடை

- 1819 ஜூன் உடன்பாட்டில் கிழக்கு எல்லை? – தஞ்சோங் காத்தோங்.
- அரச சின்னங்களைக் காத்தவர்? – எங்கு புத்ரி ஹமீதா.
- பேரரசைப் பிரித்த ஒப்பந்தம்? – லண்டன் ஒப்பந்தம், 1824 மார்ச் 17.
- சுல்தான் அலிக்கு மாதம் 500 வெள்ளி கொடுத்தது யார்? – தெமெங்கோங் (கம்பெனி அல்ல).
- தெமெங்கோங் வீட்டின் முதல் சுல்தான்? – அபு பக்கார், 1885.

13. கட்டுரை வினாவுக்குச் சட்டகம்

வினா: *'சிங்கப்பூர் சுல்தான் வம்சத்தின் வீழ்ச்சிக்கு ஐரோப்பியரே காரணம்' – ஆராய்க.*

- ஆம் என்பதற்கு: 1819-இல் பட்டத்தைக் கொடுத்ததும் 1824-இல் மண்ணை எடுத்ததும் அவர்களே. லண்டனில் கோடு போட்டதும் அவர்களே. 1897-இல் வழக்கு முடிந்ததும் அவர்கள் நீதிமன்றத்தில்.
- இல்லை என்பதற்கு: 1699, 1722, 1812 விரிசல்கள் உள்வீட்டுச் சண்டைகள். அதே ஆங்கிலேயர், அதே சட்டம், அதே ஊர். தெமெங்கோங் வீடு மட்டும் மேலே வந்தது.
- முடிவு: ஹுசைன் வீட்டுக்கு இருந்த ஒரே வருமானம் பிறர் தரும் படி. அந்தப் படியை அளக்கும் கை 1855-இல் மாறியபோது, பட்டம் இருந்தும் ஆட்சி இல்லை. தெமெங்கோங் வீட்டுக்கு மரப்பால், மிளகு, காம்பியர் என்று சொந்த வருமானம் இருந்தது. பட்டம் பின்னால் வந்து சேர்ந்தது.
- தொடக்க வரிக்கு ஒரு யோசனை: தஞ்சோங் என்றால் மலாயில் முனை. 1966-இல் தொடங்கிய கிழக்குக் கரை நிலமீட்புக்குப் பிறகு காத்தோங்கில் கடலைத் தொடும் அந்த முனை இல்லை. பழைய கரையைத் தாண்டி மரீன் பரேட் அடுக்குமாடிகள் நிற்கின்றன. 1819-இல் எல்லை என்று எழுதிய இடத்தில் எழுதியவர்களும் இல்லை, எல்லையும் இல்லை. அங்கிருந்து கட்டுரையைத் தொடங்குங்கள். திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.